மரபணுவுக்கு விசில் ஊதியவர்

விசில் வாத்தியாருக்கு உட்கார்ந்தால் ஆகாது. இடுப்பில் கோளாறோ மூட்டில் வலியோ கிடையாது, ஆள் இரும்பு. ஆனால் நாற்காலியைப் பார்த்தாலே கால் குறுகுறுக்கும். சாப்பாடு அடுப்பு மேடையோரம் நின்றுகொண்டே. செய்தித்தாள் ஜன்னலோரம் நின்றுகொண்டே. காலிப் பேருந்தில்கூடக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் போவார். டிக்கெட் எடுக்காமல் நழுவப் பார்க்கிறாரோ என்று நடத்துநர்கள் அவரைத் திரும்பத் திரும்ப வந்து விசாரிப்பார்கள். "கொஞ்சம் உக்காருங்களேன், மனுஷங்க மாதிரி ரெண்டு வார்த்த பேசலாம்" என்று மனைவி அலுத்துக்கொள்வாள். "உக்காந்தா எனக்கு யோசனை வருது" என்பார். யோசனை வருவதை ஏதோ வியாதி வருவது போலத்தான் சொல்வார்.

இப்படிப்பட்டவருக்கு உலகத்தில் பொருத்தமான உத்தியோகம் ஒன்றுதான் உண்டு, அது அவருக்கு வாய்த்தும் இருந்தது. ஒரு மேல்நிலைப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கும் ஓர் அறை அவருடையது. உள்ளே காற்றுப் போன பந்துகள், கோடு போடும் சுண்ணாம்புத் தூள், வடம், வியர்வை வாடை. நாற்காலி கிடையாது. அவருடைய சொந்தப் பெயர் சம்பளம் போடும் குமாஸ்தாவுக்கு மட்டும் தெரியும் என்று பேச்சு. மற்ற எல்லோருக்கும் அவர் விசில் வாத்தியார்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பயம் இருந்தது. அது ஒரு மெத்தைக் கடை. மனைவியின் அண்ணனுக்குச் சொந்தமானது. மச்சான் நல்ல மனிதர், அதுதான் சிக்கலே. பார்க்கும்போதெல்லாம் தோளில் கை போட்டு அழைப்பார்.

"மாப்ள, எதுக்கு வெயில்ல காயறீங்க? நம்ம கடைக்கு வந்துடுங்க. வர்றவங்க முன்னாடி மெத்தைல உக்காந்து காட்டணும், படுத்துக் காட்டணும். அவ்வளவுதான் வேல. நாள் பூரா உக்காந்தே இருக்கலாம்!"

நரகம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் விசில் வாத்தியார் இந்த வாக்கியத்தை அப்படியே ஒப்பிப்பார்.

பள்ளி ஒரு கமிட்டியின் கையில் இருந்தது. கமிட்டி என்றால் இரண்டு பேர். தலைவர், இரும்புக் கடை முதலாளி. செயலாளர், அவருடைய சகலை. தலைவர் எது சொன்னாலும் "ஆமாமா" என்பது செயலாளரின் பொறுப்பு, அதை அவர் ஒரு நாளும் தட்டிக்கழித்ததில்லை. ஒரு நாள் மைதானத்தைக் கடந்து போகும்போது, பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துத் தலைவருக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. "இதுங்க தானாத்தான ஓடுதுங்க? அதுக்கு எதுக்குத் தனியா ஒரு வாத்தியார்?"

"ஆமாமா, எதுக்கு?" என்றார் செயலாளர்.

முடிந்தது கதை. விளையாட்டுக்கென்று ஓர் ஆள் வேண்டாம், அறிவுப் பாடம் எடுப்பவர்களுக்கு மட்டுமே பள்ளியில் இடம் என்று கமிட்டி முடிவு செய்தது. தலைமையாசிரியை விசில் வாத்தியாரைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், அவர் உட்காரவில்லை.

"உங்களக் காப்பாத்த ஒரே வழிதான் இருக்கு சார். பயாலஜி டீச்சர் பிரசவ லீவுல இருக்காங்க. மரபணுப் பொறியியல் பாடம் அப்படியே நிக்குது. கமிட்டி பாக்க வர்ற அன்னைக்கு நீங்க அத நடத்துங்க. பசங்க டாண் டாண்ணு பதில் சொல்லிட்டா உங்கள யாரும் அசைக்க முடியாது."

"மேடம், எனக்கு பயாலஜின்னா..."

"உடம்பு சம்பந்தப்பட்டதுதான? நீங்களும் உடம்பு சம்பந்தப்பட்டவர்தான?" என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.  

அன்று வீட்டில் புத்தகத்தை ஜன்னலோரம் நின்று படித்தார். நடந்துகொண்டே படித்தார். ஒற்றைக் காலில் நின்றும் பார்த்தார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கடைசியில், மனைவி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, நாற்காலியில் உட்கார்ந்தே விட்டார். அப்போதும் புரியவில்லை. யோசனை மட்டும் வந்தது, அதுவும் மெத்தைக் கடையைப் பற்றி. எழுந்து பயாலஜி டீச்சருக்குப் போன் போட்டார்.

டீச்சருக்குப் பாடம் என்றால் உயிர். பிள்ளை பெற்ற உடம்பு அயர்ந்து கிடந்தாலும் "மரபணு" என்ற சொல்லைக் கேட்டதும் குரல் நிமிர்ந்தது. பின்னால் குழந்தை வீல் வீல் என்று கத்தியது.

"டி.என்.ஏ.ங்கறது ஒண்ணுமில்ல சார். ரெண்டு வரிச, எதிரெதிரா நிக்குது..."

"வரிசையா?" என்று குறுக்கே விழுந்தார் வாத்தியார். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "வரிசைன்னு புஸ்தகத்துல போட வேண்டியதுதான டீச்சர்? அத விட்டுட்டு என்னென்னவோ போட்டிருக்கான்!"

"வரிசைல நாலே நாலு வகை ஆளுங்க. ஏ, டி, ஜி, சி. ஏ-க்கு எதிர்ல எப்பவும் டிதான் நிக்கும். ஜி-க்கு எதிர்ல சிதான். மாறவே மாறாது. இருங்க சார், குழந்த... ம்ம், ம்ம், அழாதடா... பக்கத்து ஆளோட பிடிப்பு ரொம்ப கெட்டி. எதிர் ஆளோட பிடிப்பு லேசு, இழுத்தா விட்டுடும். புரியுதா?"

புரிந்தது. புரிந்ததோடு நிற்காமல் அவருக்குக் கண்முன்னால் தெரியவே தெரிந்தது. பள்ளியில் பிள்ளைகள் நான்கு அணிகள், சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். விளையாட்டு நாளில் எல்லோருக்கும் அந்தந்த நிறச் சட்டை. சிவப்பு ஏ, நீலம் டி, பச்சை ஜி, மஞ்சள் சி. இத்தனை வருடங்களாகத் தான் மேய்த்துக்கொண்டிருந்தது டி.என்.ஏ.வைத்தான் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த சந்தோஷத்தில் படியைத் தாவித் தாவி இறங்கித் தெருமுனை வரைக்கும் ஓடிப் போய்விட்டுத் திரும்பினார்.

மறுநாளிலிருந்து மைதானத்தில் வகுப்பு. மாணவர்கள் இரண்டு வரிசை. பக்கத்து ஆளின் கையை இறுக்கிப் பிடிக்க வேண்டும், எதிர் ஆளின் ஷூ நுனியைத் தன் ஷூ நுனியால் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். கைப்பிடிப்பு கெட்டி, ஷூப்பிடிப்பு லேசு. சிவப்புக்கு எதிரில் நீலம், பச்சைக்கு எதிரில் மஞ்சள். தப்பி நின்றவனுக்கு மைதானத்தை ஒரு சுற்று ஓடும் தண்டனை. இரண்டு வரிசையையும் வளைத்து முனைகளைக் கோத்து வட்டமாக்கினால் அதற்குப் பெயர் பிளாஸ்மிட், அதாவது பாக்டீரியாவுக்குள் தனியாகத் திரியும் டி.என்.ஏ. வளையம்.

ஒவ்வொரு மாலையும் டீச்சர் போனில் ஓர் அங்குலம் நகர்த்துவார், மறுநாள் வாத்தியார் மைதானத்தில் ஒரு மைல் ஓட்டுவார்.

"இப்ப வெட்டும் நொதி வருது சார். அது வளையத்த மோப்பம் புடிச்சுக்கிட்டே போகும். அதுக்கு ஒரு அடையாளம் வேணும். ஜி, ஏ, ஏ, டி, டி, சி. இந்த ஆறும் இதே வரிசைல வந்தா ஜி-க்கும் ஏ-க்கும் நடுவுல டக்குன்னு வெட்டும். எதிர் வரிசைய அந்தப் பக்கமிருந்து படிச்சாலும் அதே ஆறு எழுத்து வரும், அங்கயும் அதே மாதிரி வெட்டும்."

"பச்ச, செவப்பு, செவப்பு, நீலம், நீலம், மஞ்சள்" என்று வாத்தியார் உடனே மொழிபெயர்த்தார். "வெட்டறது யாரு?"

"நீங்கதான்."

"யாராவது கெஞ்சினா?"

"அதுக்குக் காதும் கெடையாது, முகமும் தெரியாது சார். எழுத்து மட்டும்தான் தெரியும். எழுத்து வந்தா வெட்டும், வரலேன்னா பேசாம போயிடும்."

அவருக்கு இந்த நொதியை மிகவும் பிடித்துப்போனது. ஆட்ட நடுவராக இருப்பவனுக்கு இருக்க வேண்டிய குணம் என்று நினைத்தார்.

வெட்டிய இடத்தில் நான்கு பிள்ளைகள் எதிராள் இல்லாமல், கால் நுனியை நீட்டிக்கொண்டு தொங்குவார்கள். அதுதான் ஒட்டும் முனை. அதே நொதியால் வெட்டிய வேறொரு துண்டு வந்தால் அதன் முனை இதோடு கச்சிதமாகப் பொருந்தும். அந்தத் துண்டுதான் ஜெல்லி மீனிடமிருந்து எடுத்த ஒளிரும் மரபணு. கைப்பந்து அணியின் நெட்டைப் பெண்கள் அதற்கு அமர்த்தப்பட்டார்கள். கைகளைக் கோத்துவிடும் ஒட்டும் நொதியாக லைப்ரரி அம்மா ஒத்துக்கொண்டார். நாள் முழுக்கக் கிழிந்த புத்தகங்களுக்குப் பசை தடவுகிறவருக்கு இது புதிய வேலையாகவே படவில்லை. ஒளிர வேண்டும் என்றால் பகலில் எப்படி ஒளிர்வது? அதனால் ஒளிர்வதற்குப் பதில் பல்லைக் காட்ட வேண்டும் என்று வாத்தியார் சட்டம் போட்டார்.

வடத்தைத் தரையில் வட்டமாகப் போட்டால் பாக்டீரியா. சூடு பட்டால் பாக்டீரியாவின் தோல் திறக்குமாம், அதனால் "சூடு" என்றால் வடத்தைப் பிடித்திருக்கும் பிள்ளைகள் அதைத் தூக்குவார்கள், அந்தச் சில நொடிக்குள் வளையம் குனிந்து உள்ளே நுழைய வேண்டும். குளிர் என்றால் வடம் கீழே. எல்லா பாக்டீரியாவுக்குள்ளும் வளையம் நுழைந்துவிடாது என்று டீச்சர் சொல்லியிருந்ததால், வெறுமனே நிற்கும் பாக்டீரியாக்களும் இருந்தன. எதற்குள் போயிருக்கிறது என்று கண்டுபிடிக்க மருந்து விடுவார்கள். மருந்து, தோட்டக்காரரின் தண்ணீர்க் குழாய். வளையத்தில் ஒருத்தி மட்டும் குடை வைத்திருப்பாள், அது மருந்தைத் தாங்கும் மரபணு. குடை உள்ள பாக்டீரியா பிழைக்கும், மற்றதெல்லாம் நனைந்து சாகும். வெயில் காலமாதலால் செத்துப்போகும் பாக்டீரியாவில் இடம் கேட்டுப் பிள்ளைகளிடையே அடிதடி நடந்தது.

வளையத்தில் சேராத துண்டு உள்ளே வந்தால்? "பாக்டீரியா அதக் கடிச்சுத் துப்பிடும் சார், முனை தெறந்து கெடந்தா விடவே விடாது" என்று டீச்சர் சொன்னார். கடித்துத் துப்பும் வேலை ஆறாம் வகுப்புப் பொடிசுகளுக்குத் தரப்பட்டது. அவர்கள் அதற்காகவே பிறந்தவர்கள்.

துண்டுகளை நீளம் பார்த்துப் பிரிக்கும் ஜெல் எலெக்ட்ரோஃபோரெசிஸ் ஓட்டத்துக்கு மட்டும் அவர் யாரையும் கேட்கவில்லை. டயர்களையும் கம்பங்களையும் நெருக்கமாக நட்டு, கை கோத்த பிள்ளைச் சங்கிலிகளை ஓடவிட்டார். குட்டிச் சங்கிலி புகுந்து புகுந்து முதலில் வந்தது. நெடுஞ்சங்கிலி சிக்கிச் சிக்கிக் கடைசியில் வந்தது. "இதுக்கா இவ்வளவு பெரிய பேரு?" என்றார்.

கமிட்டி வந்தது. தலைவர் பச்சைச் சட்டை, செயலாளர் மஞ்சள் சட்டை. மரத்தடியில் நாற்காலி போட்டிருந்தது. பயாலஜி டீச்சரும் மனசு கேட்காமல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக வந்து நின்றார். தன் பாடம் ஓடுவதையும் குதிப்பதையும் அவர் அன்றுவரை கண்ணால் பார்த்ததில்லை.

வளையம் நின்றது. வெட்ட வேண்டிய இடம் ஒன்றே ஒன்று வரும்படி, டமாரம் என்று பட்டப்பெயர் கொண்ட பெண் எல்லோரையும் நிறுத்தி வைத்திருந்தாள். அவள் மெதுவாகப் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். எல்லாம் சரியாகத்தான் போயிருக்கும், தலைவருக்குப் பாசம் பொங்காமல் இருந்திருந்தால். அவருடைய பேத்தி சிவப்பு அணியில் நின்றாள். "தாத்தாவும் வர்றேண்டா கண்ணு" என்று எழுந்து போய், நீலச் சட்டைப் பையன் ஒருவனை நகர்த்திவிட்டுப் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, பச்சைக்கு எதிர்ல மஞ்சள் நிக்கணும்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். எதிரில் நின்ற சிவப்பு விலக, மஞ்சள் சட்டை போட்ட பாவத்துக்கு செயலாளர் இழுத்து வரப்பட்டு, சகலையின் செருப்பு நுனியைத் தன் செருப்பு நுனியால் தொட்டுக்கொண்டு நின்றார்.

டமாரம் வரிசையைப் பார்த்தாள். முகம் வெளிறியது. "சார்! இங்கயும் வந்துடுச்சு!"

விசில் வாத்தியார் பார்த்தார். தலைவர் பச்சை. பேத்தி சிவப்பு. அடுத்தவள் சிவப்பு. பிறகு நீலம், நீலம், மஞ்சள். எதிர்வரிசையும் அந்தப் பக்கமிருந்து படித்தால் அப்படியே.  வெட்டினால் வேலை போகும். வெட்டாமல் விட்டால் பாடம் பொய். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, அவர் வாழ்க்கையில் முதல்முறையாக.

"என்ன வந்துடுச்சு?" என்றார் தலைவர்.

"வெட்டற எடம் ஐயா. உங்களுக்கும் பாப்பாவுக்கும் நடுவுல" என்றாள் டமாரம்.

"என்னையா? என்ன வெட்டிடுவானா?" என்று தலைவர் சிரித்தார். "எங்க, வெட்டச் சொல்லு பாப்போம்."

முகம் தெரியாது, எழுத்து மட்டும்தான் தெரியும். வாத்தியார் விசிலை ஊதினார். பழைய இடம், புது இடம், இரண்டிலும் கைகள் விட்டன. வளையம் இரண்டு துண்டானது. ஒரு துண்டில் தலைவர், செயலாளர், கொஞ்சம் பிள்ளைகள். மீதி பெரிய துண்டு. நெட்டைப் பெண்கள் ஓடி வந்து பெரிய துண்டின் இரண்டு முனைக்கும் நடுவில் புகுந்தார்கள், லைப்ரரி அம்மா கைகளைக் கோத்துவிட்டார், வளையம் மூடிக்கொண்டது. தலைவருக்கு அதில் இடமில்லை.

"சூடு!" வடம் எழுந்தது. வளையம் குனிந்து உள்ளே போனது. ஆட்டம் சூடு பிடித்திருந்ததால் தலைவரும் தன் துண்டை இழுத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார். அங்கேதான் ஆறாம் வகுப்பு காத்திருந்தது.

அதை விவரிக்க எனக்கே கூசுகிறது. பொடிசுகளுக்கு அது கமிட்டி என்று தெரியாது. முனை திறந்த துண்டு என்று மட்டும்தான் தெரியும். கையைப் பிரித்தார்கள், காலைப் பிரித்தார்கள், ஆள் ஆளாகப் பிய்த்து வெளியே தள்ளினார்கள். செயலாளர் "ஆமாமா, ஆமாமா" என்று அலறியது அவர் வேறு சொல் பழகாததால். மருந்து பீய்ச்சியடித்தது. வெறும் பாக்டீரியாக்கள் குதூகலமாகச் செத்தன. குடை வைத்த பாக்டீரியா மட்டும் காய்ந்தபடி நின்று, ஈ என்று மொத்தமாகப் பல்லைக் காட்டியது.

தலைவர் வெளியே உருண்டு கிடந்தார். சட்டை தொப்பலாக நனைந்து, ஒரு செருப்பைக் காணோம். தலைமையாசிரியை அங்கேயே ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். வாத்தியார் மனதுக்குள் மெத்தையில் ஏறிப் படுத்துவிட்டார்.

தலைவர் எழுந்தார். "ஏன்பா, என்ன ஏன் வெட்டின?"

"அந்த எடத்துல பச்சை வந்தா வெட்டணும் ஐயா. ஆள் யாருன்னு பாக்கறதில்ல."

 தலைவர் கைதட்டினார். "பொறந்ததுலேருந்து என்ன ஒருத்தன் வெட்டி விட்டதில்லய்யா! கடைல, வீட்டுல, இங்க, எல்லாரும் ஐயா ஐயாங்கறாங்க. இன்னைக்குத்தான் எனக்குப் பாடம் புரிஞ்சுது. இந்த நொதி, இந்த வளையம் எல்லாம் புரிஞ்சுது! நீங்கதான்யா வாத்தியார்! இன்னையிலேருந்து நீங்கதான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு பயாலஜி வாத்தியார். விளையாட்டு வேலைய எடுத்தாச்சு, இனிமே உங்களுக்கு வெயில் வேண்டாம்."

வாத்தியாருக்கு ஒரு நொடி சந்தோஷம். அடுத்த நொடிதான் உறைத்தது. "அப்ப பயாலஜி டீச்சர்?"

"லீவுலதான இருக்காங்க? அப்படியே இருக்கட்டுமே."

ஓரத்தில் நின்ற டீச்சர் குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். வாத்தியார் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாலையும் அயர்வைப் பார்க்காமல் ஊட்டி ஊட்டிச் சொல்லித்தந்தவள். அவள் வேலையைப் பிடுங்கிக்கொண்டு நிற்பதைவிட மெத்தைக் கடையே மேல் என்று தோன்றியது. அப்படித் தோன்றியது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ஐயா, எனக்கு பயாலஜி தெரியாது."

"தன்னடக்கம்!" என்றார் தலைவர்.

"ஆமாமா, தன்னடக்கம்" என்றார் செயலாளர், சட்டையைப் பிழிந்துகொண்டே.

"வேணும்னா கேட்டுப் பாருங்க ஐயா. ஏதாவது கேளுங்க."

"சரி. டி.என்.ஏ.ன்னா என்ன?"

தோற்க வேண்டும், அதுவும் எல்லோருக்கும் தெரியும்படி தோற்க வேண்டும். வாத்தியார் நெஞ்சை நிமிர்த்தினார். "அது ஒரு மெத்தை ஐயா. பஞ்சு அடைச்சது. நாலு கலர்ல வரும்."

பிள்ளைகள் திகைத்தார்கள். சாருக்கு ஏதோ ஆகிவிட்டது, மூளை குழம்பிவிட்டது, இப்போது வேலை போய்விடும். டமாரம்தான் முதலில் முடிவெடுத்தாள். "ஆமா ஐயா! மெத்தைதான்!" மொத்த மைதானமும் பின்பாட்டுப் பாடியது. "மெத்தைதான்! மெத்தைதான்!"

"வெட்டும் நொதி?"

"கத்திரிக்கோல். தையல் கடைல கெடைக்கும்."

"தையல் கடை! தையல் கடை!"

வாத்தியார் நொந்துபோய்ப் பிள்ளைகளைப் பார்த்தார். மனிதனை நிம்மதியாகத் தோற்கக்கூட விட மாட்டேன் என்கிறார்களே. தலைவரோ நெகிழ்ந்துபோயிருந்தார். "இவ்வளவு எளிமையா எனக்கு யாருமே சொன்னதில்லய்யா."

"நிறுத்துங்க!"

பயாலஜி டீச்சர் மைதானத்தின் நடுவுக்கு வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. வேலை போகிறது என்றபோது வராத கோபம் மெத்தை என்றதும் வந்தது. "மெத்தையாவது பஞ்சாவது! டி.என்.ஏ.வுக்குக் கலரே கெடையாது. நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுலயும் சுருண்டு கெடக்கற நூல் அது. எந்த உயிரா இருந்தாலும் அதே நாலு எழுத்துதான். புல்லுக்கும் அதே, நமக்கும் அதே. அதனாலதான் ஜெல்லி மீனோட மரபணுவ பாக்டீரியாவால படிக்க முடியுது, படிச்சு ஒளிர முடியுது. இந்த ஒரு விஷயம் புரியலேன்னா மத்ததெல்லாம் வெறும் குதிக்கிறதுதான்!"

அந்தக் கடைசி வார்த்தை வாத்தியாரைக் கொஞ்சம் சுட்டது. ஆனாலும் அப்பாடா என்று மூச்சு வந்தது.

"ரெண்டு பேரு ரெண்டு விதமா சொல்றீங்க" என்று தலைவர் தலையைச் சொறிந்தார். "பசங்களா, எதுடா சரி?"

 டமாரம் அழ ஆரம்பித்தாள். அவள் அழுகை அடுத்த தெருவுக்கும் கேட்டது. "டீச்சர் சொல்றதுதான் சரி ஐயா. சார் வேணும்னே பொய் சொல்றாரு. டீச்சருக்கு வேல போயிடக் கூடாதுன்னு சொல்றாரு. ஆனா சாரையும் அனுப்பிடாதீங்க."

 குழந்தை ஒரு தும்மல் போட்டது. தலைவர் ஒற்றைச் செருப்போடு அங்குமிங்கும் நடந்தார். அவருக்கும் மனசு என்று ஒன்று உண்டு, சொன்ன சொல்லை மாற்றாதவர் என்ற பெயரும் உண்டு. இரண்டும் முட்டிக்கொண்டன.

"வாத்தியார்தான் பயாலஜின்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். சொன்னத மாத்தற பழக்கம் எனக்கில்ல. கைக்குழந்தையோட நிக்கற பொண்ண அனுப்பினா அது பாவம். அதனால ஒண்ணு பண்றேன். விளையாட்டு வேல இருந்துட்டுப் போகட்டும். அத டீச்சர் பாக்கட்டும். யாரையும் தூக்கிப் போடல, எடத்த மட்டும் மாத்தி ஒட்டியாச்சு. எப்படி?"

"ஆமாமா!" என்றார் செயலாளர். கமிட்டி தீர்மானம் அத்தோடு நிறைவேறியது.

லீவு முடிந்து டீச்சர் குழந்தையோடு மைதானத்துக்கு வந்தார். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. வாத்தியார் மாடியில் வகுப்புக்குப் போனார். அங்கே மேசை இருந்தது, நாற்காலி இருந்தது, பயாலஜி ஆசிரியர்கள் உட்கார்ந்து பாடம் எடுப்பது வழக்கம் என்றும் சொல்லியிருந்தார்கள். உட்கார்ந்தார். புத்தகத்தைத் திறந்தார். இலையின் உள்ளமைப்பு. எழுத்துகள் எறும்புகளாக ஊர்ந்தன. அவருக்கு அழுகை வந்தது, பெரிய ஆம்பிளை என்பதால் கொட்டாவி விடுவது போல் சமாளித்தார். பிள்ளைகள் பாவம் பார்த்து, "சார், வேணும்னா நாங்க எழுந்து நிக்கறோம், நீங்க எங்களுக்குப் பயிற்சி குடுங்க" என்றார்கள். பெஞ்சுக்கு நடுவில் தோப்புக்கரணம் ஆரம்பமானது.

ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்தார். வரிசையாக நிற்க வேண்டிய பிள்ளைகள் புல்லைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். டீச்சர் ஓர் இலையைக் கிழித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு ஜீவன் ஓடவில்லை. அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே நேரம் டீச்சர் நிமிர்ந்து மாடியைப் பார்த்தார். ஜன்னலில் தலைகள் எழும்புவதும் மறைவதுமாக இருந்தன. இலையின் உள்ளமைப்பு நடக்க வேண்டிய நேரம் அது.

இருவரும் ஒரே சமயத்தில் கிளம்பியிருக்க வேண்டும். மாடிப்படியின் நடுவில் சந்தித்தார்கள்.  கரும்பலகையில் எழுத இரண்டு கையும் வேண்டுமே என்று டீச்சர் குழந்தையை அவரிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டார். அவர் கீழே இறங்கினார், அவள் மேலே ஏறினாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் படியில் சந்திக்கும் சிரமமும் தேவைப்படவில்லை.

தலைமையாசிரியைக்குத் தெரியும். ஆனால் எது எந்தப் பக்கம் இருந்தாலும் பள்ளி நடந்தால் போதும் என்ற நிலைக்கு அவர் வந்திருந்தார்.

ஒரு நாள் தலைவர் முன்னறிவிப்பின்றி வந்துவிட்டார். மைதானத்தில் பிள்ளைகள் புழுதி கிளப்பி ஓடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் விசில் வாத்தியார், இடுப்பில் குழந்தை, நின்றபடி ஆட்டி ஆட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தார். தலைவர் மாடியைப் பார்த்தார். ஜன்னலில் டீச்சரின் முதுகு தெரிந்தது. கை கரும்பலகையில் விறுவிறுவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"என்னய்யா இது? உங்க வேல மேலதான? யாரு குழந்தை இது?"

வாத்தியார் இந்த முறை பொய் சொல்லவில்லை. மெத்தை, கத்திரிக்கோல் எதுவும் வாயில் வரவில்லை.

"டீச்சரோட குழந்தை ஐயா, என்கிட்ட இருக்கு. என்னோட வேல அவங்ககிட்ட இருக்கு. ரெண்டும் நல்லா இருக்கு ஐயா."

தலைவர் மேலே ஒரு முறை பார்த்தார், கீழே ஒரு முறை பார்த்தார். பக்கத்தில் "ஆமாமா" சொல்ல செயலாளர் அன்று வரவில்லை. குழந்தை வாயைத் திறந்துகொண்டு வாத்தியாரின் தோளில் தூங்கியது.

"வெயில் ஏறுது" என்றார் தலைவர் கடைசியில். "குழந்தைக்குத் தலைல ஒரு துணியப் போடுங்க."